மூன்றாம் நபர் மனு

என்னிடம் நான்கு பொன்னாடைகள் இருக்கின்றன. நான்கும் ஒரே சிவப்பு, ஒரே பொய்ச் சரிகை. வருஷத்துக்கு ஒன்று. ‘குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் மதிப்பு நாள்’ என்று அரசாங்கம் ஒரு நாளை வைத்திருக்கிறது. அன்றைக்கு எங்களைப் போன்றவர்களைத் தேடிப் பிடித்து, கல்யாண மண்டபத்தில் முன்வரிசையில் உட்காரவைத்து, பெயரைத் தப்பாகப் படித்து, மேடைக்குக் கூப்பிட்டுப் போர்த்துவார்கள். போன வருஷம் எனக்குப் போர்த்திய பெரிய மனுஷர் குனிந்து, உங்கள் பையனுடைய ஆத்மா சாந்தியடையட்டும் என்றார். செத்தது என் மகள். போட்டோக்காரன் காத்துக்கொண்டிருந்தான், அவன் பக்கம் திரும்பி நின்றேன். வீட்டுக்கு வந்து அந்தப் பொன்னாடையை மாவு டிரம்முக்கு மூடுதுணியாகக் கட்டினேன். இன்றைக்கும் அது அங்கேதான் கிடக்கிறது.

என் பெயர் சங்கரகோமதி. சங்கரன்கோவில் பக்கம் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். இரண்டு கிரைண்டர், ஒரு பிரிட்ஜ், அதுதான் கடை. கடைக்குப் பின்னால் ஒற்றை அறை, அதுதான் வீடு. புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. பூரணி என் ஒரே பிள்ளை. இருபது வயது, நர்சிங் இரண்டாம் வருஷம். தினகரன் என்று ஒருத்தன் எட்டு மாதம் அவள் பின்னாலேயே அலைந்தான். அவள் பிடிக்கவில்லை என்று நேராகவே சொன்னாள். ஒருநாள் காலை எட்டரை மணிக்கு, என் கடை வாசலில், என் கண்முன்னால் அவளை வெட்டிப்போட்டான்.

என் கண்முன்னால் என்று சொல்கிறேனே, அது காகிதத்தில் இருப்பது. எனக்கு ஞாபகம் கிடையாது.

அப்போது நினைவெடுப்பு புதிதாக வந்திருந்தது. சாட்சிக் கூண்டில் நின்று எதிர்த்தரப்பு வக்கீலின் கேடுகெட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லி அழ வேண்டாம். தலையில் ஒரு தொப்பியை மாட்டி, கண்டதை அப்படியே எடுத்துவிடுவோம், நீதிபதி அதே மாதிரித் தொப்பியை மாட்டிப் பார்த்துக்கொள்வார் என்றார்கள். வெறும் காட்சி மட்டுமில்லை. எனக்கு அப்போது என்ன வாசனை அடித்தது, மனசுக்குள் என்ன ஓடியது, எல்லாமே தொப்பி போட்டவருக்கும் வரும். எடுத்த இடத்தில் ஒன்றும் மிஞ்சாது என்பதையும் சொன்னார்கள். அதை ஏதோ சலுகை மாதிரிச் சொன்னார்கள். இனிமேல் அந்தக் காட்சி உங்களைத் தூங்கவிடாமல் அடிக்காதும்மா என்று இன்ஸ்பெக்டர் ஆறுதல் சொன்னார்.

பிள்ளையைப் பறிகொடுத்து மூன்றாம் நாள். அவன் தப்பிக்கக் கூடாது என்பதைத் தவிர என் மண்டையில் வேறு ஒன்றும் இல்லை. காட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். படிவத்தில் ‘எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பிய ஏட்டையா முப்பது வருஷம் வாக்குமூலம் எழுதிப் பழகிய ஆள். போலீஸ்காரர்களுக்கு எல்லா வாக்குமூலமும் ‘சம்பவத்தன்று காலை நான் எழுந்து’ என்றுதான் தொடங்க வேண்டும். சைக்கிள் திருட்டு என்றாலும் விடியலில் இருந்துதான் ஆரம்பிப்பார்கள்.

"காலையில எந்திச்சதுல இருந்து சொல்லும்மா" என்றார்.

நானும், ஒன்றையும் ஒளிக்கக் கூடாது என்று, நாலரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்தேன் என்று சொன்னேன். அவர் அதையே கட்டத்தில் எழுதினார். நாலரை முதல் எட்டரை வரை. வழக்குக்குத் தேவைப்பட்டது கடைசி இரண்டு நிமிஷம். போனது நான்கு மணி நேரம்.

முந்தின நாள் உளுந்து ஊறப்போட்டது ஞாபகம் இருக்கிறது. அடுத்தது ஆஸ்பத்திரி வராந்தா. நடுவில் ஒன்றும் இல்லை. பூரணி அன்றைக்கு என்ன தின்றாள், என்ன உடுத்தினாள், என்னோடு சண்டை போட்டாளா, போகும்போது ஏதாவது சொன்னாளா, ஒன்றும் தெரியாது. பெற்றவளுக்குப் பிள்ளையின் கடைசிக் காலை தெரியாது. வாசலில் கிடந்த நீலச் செருப்பை வைத்து, நீலச் சுடிதாராக இருக்கும் என்று நானே ஊகித்துக்கொண்டேன். அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. சரி, அதற்காகக் கொடுத்ததுதானே என்று மனசைக் கட்டிக்கொண்டு நான்கு வருஷம் மாவு அரைத்தேன்.

இந்த வருஷம், மதிப்பு நாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. எங்களைப் போன்றவர்களுக்குத் தகவல் சொல்லப் புதிதாக ஏதோ சேவை தொடங்கியிருக்கிறார்களாம். ‘வணக்கம். உங்கள் நினைவுப் பதிவு பாதுகாப்பாக உள்ளது. இதுவரை 63 முறை பார்வையிடப்பட்டுள்ளது. உங்கள் உரிமை, எங்கள் கடமை.’

கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதை அணைத்துவிட்டுத் திரும்பப் படித்தேன். நீதிபதி ஒரு தடவை பார்த்திருப்பார். மேல்கோர்ட்டில் இரண்டு, மூன்று தடவை பார்த்திருப்பார்கள். மிச்ச அறுபது தடவை எந்தச் சவம் பார்த்தது?

மறுநாளே கோர்ட்டு நகல் பிரிவுக்குப் போனேன். அங்கே இருந்த எழுத்தர் பெயர் செந்தூர்பாண்டியன். ஓய்வு பெறுகிற வயசு, மூக்குக் கண்ணாடி, மேசை மேல் விதிப்புத்தகம். எதைக் கேட்டாலும் அந்தப் புத்தகத்தைப் புரட்டித்தான் பதில் சொல்வார். பதிவேட்டைப் பார்த்துவிட்டு, குற்றவாளி தரப்பு அறுபது தடவை, நீதிமன்றங்கள் மூன்று தடவை என்று வாசித்தார். குற்றவாளி தரப்பு என்றால் அவனுடைய வக்கீலா என்று கேட்டேன்.

"இல்லம்மா. அவரேதான். ஜெயில்ல பாக்கதுக்குன்னு ஒரு ரூம் இருக்கு. அவருக்கு எதிரான சாட்சியத்த அவரு பாக்கணும்லா. இல்லாட்டா எப்படி அப்பீல் பண்ணுவாரு? அது அவரோட உரிமை."

அவரு, அவரு என்று அவர் மரியாதை கொடுத்ததைக் கேட்கக் கேட்க எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்படியானால் எனக்கும் ஒரு தடவை காட்டுங்கள் என்றேன். எட்டு மணி வரைக்கும் போதும், அதற்கு மேல் வேண்டாம் என்றும் சொன்னேன். அவர் புத்தகத்தைப் புரட்டினார்.

"வழக்கு அரசாங்கத்துக்கும் அவருக்கும் நடுவுல. நீங்க வெறும் சாட்சி. இந்த வழக்குல நீங்க மூணாம் நபர்மா. மூணாம் நபர் பாக்கணும்னா மனு போடணும், அதுக்கு அவரு ஆட்சேபம் இல்லன்னு எழுதித் தரணும்."

"யாரு?"

"குற்றவாளி."

நான் அந்த மேசையைத் தட்டினதில் அவருடைய மைக்கூடு உருண்டது. என் கண்ணு, என் தலை, என் மகள், நான் மூன்றாம் நபரா, அவன் யாருய்யா முதல் நபரா என்று கத்தினேன். வராந்தாவில் போனவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். செந்தூர்பாண்டியன் கோபப்படவில்லை. மைக்கூட்டை நிமிர்த்தி வைத்துவிட்டு, படிவம் பக்கத்து அறையில் கிடைக்கும் என்றார்.

இலவசச் சட்ட உதவியில் எனக்குக் கிடைத்த வக்கீல் பெயர் ரூபாவதி. பூரணி இருந்தால் இந்த வயசுதான் இருக்கும். அவள்தான் எனக்கு எல்லாவற்றையும் விளங்கச் சொன்னாள். மேல்கோர்ட்டு தண்டனையை உறுதி செய்து இரண்டு வருஷம் ஆகிறதாம். ஆனால் அவன் ஒன்று மாற்றி ஒன்று மறுஆய்வு மனு போட்டுக்கொண்டே இருக்கிறானாம். ஒவ்வொன்றும் தள்ளுபடி. மனு நிலுவையில் இருக்கிற வரைக்கும் மாதம் இரண்டு தடவை தொப்பி போட்டுப் பார்க்கலாம்.

"ஜெயிக்கதுக்காக மனுப் போடலம்மா அவன். பாக்கதுக்காகப் போடுதான்" என்றாள்.

எதைப் பார்க்க என்று நான் கேட்டேன். வெட்டினதைத் திரும்பத் திரும்பப் பார்த்து ரசிக்கிறானா? அவளுக்குத் தெரியவில்லை. கையெழுத்து வாங்க ஜெயிலுக்கு நான் போகிறேன் என்றாள். வேண்டாம், நானே போகிறேன் என்றேன். அவன் முகத்தை ஆயுசுக்கும் பார்ப்பதில்லை என்று சாமி முன்னால் சொல்லியிருந்தேன். அந்த நாலு மணி நேரத்துக்காக அதையும் விட்டேன்.

மத்திய சிறையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன், நடுவில் போன். கொஞ்சம் சதை போட்டிருந்தான். முகம் தெளிவாக, நன்றாகத் தூங்கி எழுந்தவன் மாதிரி இருந்தது. போனைக் காதில் வைத்ததும், "நல்லா இருக்கீங்களா அத்த" என்றான்.

பெண்டாட்டியைப் பெற்றவளைக் கூப்பிடுகிற மாதிரி. என் மகளைக் கொன்ற வாயால்.

"யாருக்குடா அத்த?" என்றேன். அவனுக்கு அது உறைக்கவே இல்லை. மனு நகல் வந்ததாம், அப்போதே ஆட்சேபம் இல்லை என்று எழுதி வைத்துவிட்டானாம். காகிதத்தைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினான். கையெழுத்து, தேதி எல்லாம் இருந்தது. நான் பேரம் பேசுவான் என்று நினைத்துப் போயிருந்தேன். மன்னிப்புக் கடிதம் கேட்பான், கேட்டால் முகத்தில் துப்புவது என்றுகூட முடிவு செய்திருந்தேன். அவன் ஒன்றுமே கேட்கவில்லை.

"தாராளமாப் பாருங்க அத்த. நானும் பாக்கேன், நீங்களும் பாருங்க. நமக்குன்னு இருக்கது அது ஒண்ணுதான்."

என்னத்தடா பாக்க என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எட்டு மணி வரைக்குந்தான் பாப்பேன். அதுக்கு மேல தொப்பியக் கழத்திருவேன், எனக்குத் தாங்காது. அவ குளிச்சிட்டு வந்து, தலையத் துவட்டிக்கிட்டே என்னப் பாத்துச் சிரிப்பா அத்த. எட்டு மாசம் அந்த ஒரு சிரிப்புக்குத்தான் நாயா அலைஞ்சேன். ஒருக்காகூட சிரிக்கல. இப்ப மாசம் ரெண்டு தடவ சிரிக்கா."

"அவ ஒன்னப் பாத்துச் சிரிக்கல. என்னப் பாத்துச் சிரிச்சா."

"தொப்பிக்குள்ள நீங்கதான நான்" என்றான் அவன், பிள்ளைக்கு விளக்குகிற மாதிரி. "அவளுக்கு இட்லி எடுத்து வைக்கும்போது உங்களுக்கு வயிறு குளுந்து போகும்லா, அது எனக்கும் வரும். அன்னைக்கு அவ உங்கள என்ன சொன்னா தெரியுமா—"

நான் போனை வைத்துவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் வாய் அசைந்துகொண்டே இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், எனக்குக் கேட்க ஆசையாக இருந்தது. நான்கு வருஷம் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஏங்கினேன். அது என்னவென்று அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. போனை மறுபடி எடுக்கக் கை போயிற்று. எடுத்தால் அந்த வார்த்தை அவன் குரலில்தான் எனக்குள் இருக்கும். கையை மடியில் வைத்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் வந்து உட்கார்ந்தேன். உயிரோடு இருந்தபோது அவள் கொடுக்க மாட்டேன் என்று சொன்னதை, செத்த பிறகு சட்டம் போட்டு எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் என் கண் வழியாக. அவள் வேண்டாம் என்றது யாருக்கும் ஒரு பொருட்டில்லை, அவனுக்கும் இல்லை, இவர்களுக்கும் இல்லை. எனக்குப் பொன்னாடை, அவனுக்குப் பூரணி.

ரூபாவதியிடம் நேராகக் கேட்டேன். நானும் பார்க்க வேண்டும், அவன் பார்ப்பதும் நிற்க வேண்டும், அதற்கு வழி உண்டா? அவள் இல்லை என்றாள். பதிவு இருக்கிற வரைக்கும் குற்றவாளிக்கு உரிமை இருக்கும். அவனிடம் இருந்து பிடுங்க ஒரே வழிதான். நினைவைக் கொடுத்தவர் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். திரும்பப் பெற்றால் பதிவை அழித்துவிடுவார்கள், மூலமும் போகும், நகல்களும் கூடவே போகும். மனுப் போட்டு ஒரு தடவை பார்த்துவிட்டால், அதற்குப் பிறகு சம்மதத்தைத் திரும்பப் பெறவும் முடியாதாம்.

"நீங்க பாக்கதும் போயிரும்மா. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கட்டினது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அழித்தால் அவன் வெளியே வந்துவிடுவானா என்று கேட்டேன். வர மாட்டான் என்றாள். கத்தி இருக்கிறது, சட்டையில் ரத்தம் இருக்கிறது, எதிர்வீட்டுக் கேமராவில் முழுசாக விழுந்திருக்கிறது. மேல்கோர்ட்டு அதை வைத்துத்தான் தண்டனையை உறுதி செய்தது.

"அப்ப எதுக்குட்டி என்கிட்ட எடுத்தாங்க?"

அவள் பைலை மூடினாள். "கூடுதல் உறுதிக்கும்மா" என்றாள். "புது மெஷின் வந்திருந்துச்சு."

நான் அவளைத் திட்டவில்லை. திட்ட வேண்டியவர்கள் அந்த அறையில் இல்லை.

இரண்டு வாரம் யோசித்தேன். யோசித்தேன் என்ன, தினமும், ஜெயிலில் இருந்து தபாலில் வந்த அவனுடைய ஆட்சேபமின்மைக் காகிதத்தை எடுத்துப் பார்ப்பேன், மடித்து வைப்பேன். அதைக் கொண்டுபோய் நீட்டினால் போதும், பூரணி ஈரத் தலையோடு என் முன்னால் வந்து நிற்பாள். நான் பார்த்துக்கொண்டிருக்கிற அதே வாரத்தில் அவனும் பார்ப்பான். நான் அழுதுகொண்டு பார்ப்பேன், அவன் தூங்கி எழுந்த முகத்தோடு பார்ப்பான். அவள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து ஒரே சிரிப்பைச் சிரிப்பாள். ஒருநாள் அரிசி களைந்துகொண்டிருக்கும்போது முடிவுக்கு வந்தேன். காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ரூபாவதிக்குப் போன் செய்தேன்.

அழிப்பதற்குக் கொடுத்த தேதி மதிப்பு நாளிலேயே வந்து விழுந்தது. விழாக் குழுவில் இருந்து ஒருவர் கூப்பிட்டு, இந்த வருஷம் நான்தான் இரண்டு நிமிஷம் நன்றி சொல்ல வேண்டும், எழுதித் தருகிறோம், பார்த்துப் படித்தால் போதும் என்றார். எனக்கு அன்றைக்குக் கோர்ட்டில் சோலி இருக்கிறது என்றேன். பொன்னாடையை வேண்டுமானால் வீட்டுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டார். என்னிடம் இன்னொரு டிரம் இல்லை என்று சொல்லிவிட்டு வைத்தேன். அவருக்கு விளங்கியிருக்காது.

நகல் பிரிவில் செந்தூர்பாண்டியன் மட்டும் இருந்தார். மற்றவர்கள் எல்லாரும் விழாவுக்குக் கூட்டம் சேர்க்கப் போயிருந்தார்கள். ரூபாவதி வராந்தாவில் நின்றாள், உள்ளே நான் ஒருத்திதான் போகலாமாம். அவர் விதிப்புத்தகத்தை விரித்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. இதற்கும் எவன் கையெழுத்து வேண்டும் என்று கேட்டேன்.

"யார் கையெழுத்தும் வேண்டாம்மா. ஆனா அழிக்கதுக்கு முந்தி, இது சரியான பதிவுதானான்னு உரியவர் அடையாளம் காட்டணும். திருட்டு நகையக் கோர்ட்டுல காட்டி, ஒன்னுதானான்னு கேப்பாங்கள்லா, அந்த மாதிரி. முதல் ஒரு நிமிசம் ஓடும்."

உரியவர் என்ற அந்தச் சொல்லை இந்தக் கட்டிடத்தில் எனக்கு முதல் தடவையாகச் சொன்னார்கள். அதை அழிக்கிற அன்றைக்கு.

அவரே தொப்பியை எடுத்து என் தலையில் மாட்டினார்.

இருட்டு. அலாரம் அடிக்கிறது. நாலரை. நான் பாயில் படுத்திருக்கிறேன். இடுப்பில் வலி, இன்றைக்கு மாவு நிறைய ஓட வேண்டும் என்கிற நினைப்பு. வலது பக்கத்தில் இருந்து தூக்கம் கலையாத குரல்.

"ம்மா, அந்தச் சனியன அமத்தும்மா. ஒனக்கு மாவு ஓடணும்னா நான் எதுக்கு எந்திக்கணும்?"

சொல்லிக்கொண்டே காலைத் தூக்கி என் மேல் போடுகிறாள். கனமான கால். கொலுசு என் முழங்காலில் குத்துகிறது. எரும, எடுட்டி காலை என்று நான் வைகிறேன். அவள் எடுக்கவில்லை. நானும் தள்ளிவிடவில்லை. அலாரம் அடித்துக்கொண்டே இருக்கிறது. அவ்வளவுதான், நின்றுவிட்டது.

நகல் பிரிவின் மின்விசிறிச் சத்தம் கேட்டது. என் முழங்கால் இன்னும் கனத்தது. செந்தூர்பாண்டியன் பேனாவோடு பதிவேட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"இது உங்களுதுதானாம்மா?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஒரே இருட்டாக் கெடந்துச்சு. சரியா வெளங்கல" என்றேன். "இன்னொருக்கப் போடுங்க."

அவர் புத்தகத்தைப் பார்த்தார். ஒரு விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். எத்தனை தடவை என்று அதில் போடவில்லை என்றார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, மறுபடியும் ஓட்டினார்.

இருட்டு, அலாரம், குரல், கால், கொலுசு. இதுதானாம்மா என்றார். தெரியவில்லை, இன்னொருக்க என்றேன். அவர் ஓட்டினார். தூரத்தில் மண்டபத்து மைக்கில் யாரோ எங்கள் உரிமையைப் பற்றி முழங்குவது கேட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் அதே கேள்வியை, முதல் தடவை கேட்கிற மாதிரியே கேட்டார், நானும் அதே பதிலைச் சொன்னேன். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பையும் பார்க்கவில்லை. அதை அவன் தின்றுவிட்டான், இனி அது யாருக்கும் இல்லை.

ஐந்து மணிக்கு அலுவலகம் அடைக்க வேண்டும். அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். தொப்பியை நானே கழற்றி மேசை மேல் வைத்தேன்.

"இது உங்களுதுதானாம்மா?"

"ஆமா. என்னுதுதான்" என்றேன். "எம்மவதான். இப்ப அழிங்க."

அவர் பதிவேட்டில், உரியவர் பார்வையிட்டது ஒரு முறை என்று எழுதினார்.